ஏற்றத்துல மட்டும் ஊமையாகிற எஞ்சின்: சவுண்ட் டிகோடர் உதவி வேணும்

குன்னூர்_பனி | ஞாயிறு, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா ஒரு மாடல் ரயில் எஞ்சினோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். இனி முடியாதுன்னுதான் இங்க வந்து நிக்கறேன்.

எச்ஓ அளவு, 1:87. நம்ம நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ்ங்கறதால 12 மில்லிமீட்டர் பாதை. எஞ்சின் அங்க ஓடுற எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின். உடம்பு பிளாஸ்டிக் தகட்டுல நானே வெட்டி ஒட்டினது, அடியில செகண்ட் ஹேண்ட்ல கிடைச்ச சுவிஸ் மீட்டர் கேஜ் சேசிஸ், பல்சக்கரத்தோட. உள்ள இருந்து ஓட்டத்தையும் சத்தத்தையும் பாத்துக்கற சிப், அதாவது டிகோடர், லோக்சவுண்ட் 5. ஓட்டறது டிசிசி-யில (தண்டவாளம் வழியாவே டிஜிட்டல் கட்டளை அனுப்பற முறை).

லேஅவுட்ல கீழே ஹில்குரோவ் ஸ்டேஷன், மேலே ரன்னிமீட் ஸ்டேஷன். நடுவுல ரெண்டரை மீட்டர் ஏற்றம், அசல் மாதிரியே 12-க்கு 1. அதாவது கீழுக்கும் மேலுக்கும் இருபது சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்னு மூணு பெட்டியைத் தள்ளிட்டுப் போகும்.

ஹில்குரோவ்ல நிக்கும்போது எல்லாச் சத்தமும் அருமையா வருது. விசில், புளோவர், பம்ப் எல்லாம். நகர ஆரம்பிச்சாலும் நல்லாத்தான் இருக்கு. ஏற்றத்துல ஒரு முழம் ஏறினதும் சட்டுனு சத்தம் நின்னுடுது. வண்டி ஒரு வெட்டு வெட்டுது. அப்புறம் பாய்லர் பத்தவைக்கிற சத்தத்துல இருந்து மறுபடி முதல்ல ஆரம்பிக்குது. ரன்னிமீட் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு தடவை செத்துப் பிழைக்குது.

இறங்கும்போது ஒண்ணுமே ஆகறதில்ல. அதுதான் எனக்குப் புரியல.

செஞ்சு பாத்தது: தண்டவாளம், சக்கரம் எல்லாம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வெச்சுத் துடைச்சாச்சு. டிகோடரோட செட்டிங் எண்கள்ல (சிவி) சிவி 8-ல 8 போட்டு ரீசெட் பண்ணியாச்சு. ஸ்பீக்கரும் மாத்தியாச்சு. கூடவே இன்னொரு தொல்லை, வால்யூம் ஏத்தினா சத்தம் கரகரங்குது. அது வேற கதையா, இதே கதையான்னு தெரியல.


கேத்தி_கேரட் | ஞாயிறு, இரவு 9:58

அண்ணா, கண்ட்ரோலர்ல எஃப்8 பட்டனை அமுக்கிப் பாத்தீங்களா? நிறைய டிகோடர்ல அதுதான் மியூட்.


குன்னூர்_பனி | ஞாயிறு, இரவு 10:03

தம்பி, எஃப்8-ஐ நான் அமுக்கலாம். ஏற்றம் வந்ததும் அதுவா அமுங்கிக்குமா?


கொடைரோடு | ஞாயிறு, இரவு 10:20

அண்ணே, இது அழுக்குதான். கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். உங்க ஊர்ல ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ள வருது. நிக்கல் சில்வர் தண்டவாளத்துல ஒரே வாரத்துல கறுப்புப் படிஞ்சிடும். மோட்டாருக்கு ஒரு நொடி கரண்ட் விட்டுப் போனா ஃப்ளைவீல் இழுத்துட்டுப் போயிடும், நமக்குத் தெரியாது. சவுண்ட் சிப் அப்படியில்ல, விட்டா ரீசெட் ஆகிடும். இன்னொரு தடவை துடைங்க.

இல்லன்னா ஒரு கெபாசிட்டர் போட்டுடுங்க. ‘கீப் அலைவ்’னு கிடைக்குது. டிகோடர்ல ரெண்டு வயர், வேலை முடிஞ்சுது.

(எங்க மலைக்கு ரயிலே கிடையாது, கொடை ரோடு ஸ்டேஷன்ல இறங்கி பஸ்தான் ஏறணும். அதனால வீட்டுக்குள்ள ரயில் விடுறோம்.)


கேத்தி_கேரட் | ஞாயிறு, இரவு 10:31

துடைக்கறதுன்னதும் ஞாபகம் வருது. தயவுசெஞ்சு யாரும் நான் செஞ்சதைச் செய்யாதீங்க. போன மழையில ஐசோபுரோப்பைல் தீந்துபோச்சு, கடைக்குப் போக மழை விடல. வீட்டுல நீலகிரித் தைலம் இருந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்னு அம்மா சொல்லுவாங்களேன்னு துணியில நனைச்சுத் தேய்ச்சேன். தண்டவாளம் பளபளன்னு ஆச்சு. அதே கையோட பெட்டியைத் தூக்கி வெச்சேன். பெட்டி மேல என் கட்டைவிரல் ரேகை இன்னமும் இருக்கு, ஆதார் கார்டுக்கு எடுத்த மாதிரி. ரூம் முழுக்க ஜலதோஷம் பிடிச்ச வீட்டு வாசனை.


சால்டரிங்_அக்கா | ஞாயிறு, இரவு 11:05

தைலம் பாலிஸ்டைரீனைக் கரைக்கும் தம்பி. தலைவலிக்கு மட்டும் வெச்சுக்கோ.

குன்னூர்_பனி, உங்க பதிவுல ஒரு வரிதான் முக்கியம். “இறங்கும்போது ஒண்ணுமே ஆகறதில்ல.” அழுக்கு மேல போற வண்டிக்கும் கீழ வர்ற வண்டிக்கும் ஒரே அழுக்குதான். திசை பாத்துப் படியாது. அதனால கொடைரோடு சொன்னதை ஒரு ஓரமா வெச்சுக்குவோம்.

மூணு கேள்வி.

பெட்டி இல்லாம எஞ்சினை மட்டும் ஏத்துனா சத்தம் நிக்குதா?
கண்ட்ரோலர்ல இருந்து வர்ற வயரைத் தண்டவாளத்துல எத்தனை இடத்துல சால்டர் பண்ணியிருக்கீங்க?
கண்ட்ரோலர் திரையில கரண்ட் காட்டுமா? காட்டினா, சமதளத்துல எவ்வளவு, ஏறும்போது எவ்வளவு?

இதுக்குப் பதில் வர்ற வரைக்கும் எந்த சிவியையும் தொடாதீங்க. எஞ்சின்ல சத்தக் கோளாறுன்னு வர்றதுல பெரும்பாலானது சத்தக் கோளாறே கிடையாது. கரண்ட் கோளாறு, முதல்ல காட்டிக்குடுக்கறது சத்தம். அவ்வளவுதான்.


கொடைரோடு | ஞாயிறு, இரவு 11:11

அக்கா வந்துட்டாங்க. நான் ஓரமா உக்காந்துக்கறேன். ஆனா கெபாசிட்டர் விஷயத்துல என் கட்சியை மாத்தமாட்டேன்.


குன்னூர்_பனி | திங்கள், காலை 6:50

அக்கா, பதில்:

பெட்டி இல்லாம ஏத்தினேன். சத்தம் ஒரு தடவைகூட நிக்கல!! இதை நான் முன்னாடியே பாத்திருக்கணும்.

வயர் ஒரே இடத்துலதான். ஹில்குரோவ் ஸ்டேஷன்ல ரெண்டு வயர். மேல வரைக்கும் தண்டவாளம் ஜாயினர்லயே (ரெண்டு துண்டைச் சேக்கற சின்ன உலோக இணைப்பு) தொடர்ந்து போகுது.

கரண்ட்: சமதளத்துல 0.25 ஆம்ப். மூணு பெட்டியோட ஏறும்போது 0.6 வரைக்கும் போகுது.

கண்ட்ரோலருக்கு வர்ற வீட்டு வோல்டேஜும் இங்க ஆடும், அதையும் சொல்லிடறேன். காத்தடிச்சா போயிடும், மழை பெஞ்சா மங்கும். ஆனா ஸ்டெபிலைசர் இருக்கு.


சால்டரிங்_அக்கா | திங்கள், காலை 8:15

வேலைக்குக் கிளம்பற அவசரத்துல எழுதறேன். ஸ்டெபிலைசரை விடுங்க, வீட்டு வோல்டேஜ் ஆடினா ஹில்குரோவ்லயும் சத்தம் நிக்கணுமே.

மல்டிமீட்டர் இருக்கா? ஏசி 20 அல்லது 200-ல வைங்க. டிசிசி-யை சாதாரண மீட்டர் சரியாக் காட்டாது, அதனால அந்த எண் உண்மையான வோல்டேஜ் இல்ல. பரவால்ல. ஒரே மீட்டர்ல ரெண்டு இடத்தை ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு அது போதும்.

ஹில்குரோவ்ல ஒரு தடவை, ரன்னிமீட்ல ஒரு தடவை எடுங்க. அதோட நிறுத்திடாதீங்க. ரன்னிமீட் தண்டவாளத்துல மீட்டரைப் பிடிச்சுக்கிட்டே, மூணு பெட்டியோட வண்டியை ஏத்தச் சொல்லுங்க. ஏறும்போது என்ன காட்டுதுன்னு பாருங்க.


பொன்மலை_பெஞ்ச் | திங்கள், மதியம் 1:30

அக்கா கேட்டதையே நானும் கேக்க வந்தேன். பொன்மலை ரயில் பணிமனையில நாப்பது வருஷம் பெஞ்ச்ல நின்னவன்ங்கற முறையில ஒண்ணு சேத்துக்கறேன். ஏற்றம் தொடங்குற இடத்தைப் பாருங்க. சமதளத்துல இருந்து நேரா 12-க்கு 1-க்கு மடங்கியிருந்தா எஞ்சினோட முன் சக்கரம் ஒரு மயிரிழை தூக்கிக்கும். நாலு அச்சும் விறைப்பா இருக்கற சேசிஸ்ல அது சகஜம். ஒரு வெத்துக் காகிதத்தைச் சக்கரத்துக்கு அடியில சொருகிப் பாருங்க. தடையில்லாம போச்சுன்னா அந்தச் சக்கரம் கரண்ட் எடுக்கல.

அப்புறம் ஒரு தனிக் கேள்வி. நீங்க செஞ்சிருக்கறது எந்தக் காலத்து எக்ஸ் கிளாஸ்? கரியா, எண்ணெயா?


குன்னூர்_பனி | திங்கள், இரவு 8:40

காகிதம் சொருகிப் பாத்தேன் சார், எல்லாச் சக்கரமும் கடிச்சுப் பிடிக்குது. மடக்கை முன்னாடியே முப்பது சென்டிமீட்டருக்கு வளைச்சுதான் ஏத்தியிருக்கேன்.

மீட்டர்: ஹில்குரோவ் 15.1. ரன்னிமீட் 15.0.

அக்கா, மேலயும் கீழயும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்ப தண்டவாளம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

வண்டி ஏறும்போது எடுக்க இன்னொரு ஆள் வேணும். பொண்ணு ட்யூஷன் முடிஞ்சு வரட்டும்.

எந்தக் காலம்னு கேட்டீங்க. சின்ன வயசுல பாத்த கரி எஞ்சின்தான்.


சால்டரிங்_அக்கா | திங்கள், இரவு 8:52

அப்படி அர்த்தம் இல்ல. மாடியில குழாயை மூடி வெச்சிருந்தா, பைப்ல பாசி அடைச்சிருந்தாலும் பிரஷர் சரியாத்தான் காட்டும். குழாயைத் திறந்தாத்தான் நூலா வழியறது தெரியும். வண்டி ஓடாம எடுத்த 15.0 மூடின குழாய்.


குன்னூர்_பனி | திங்கள், இரவு 9:35

பொண்ணு கண்ட்ரோலர்ல, நான் மீட்டர்ல.

வண்டி ஹில்குரோவ் விட்டுக் கிளம்பினதும் 15. ஏற்றத்துல ஏறி ஒரு முழம் போனதும் 11. அப்புறம் 9.8. நடுவுல ஒரு சமயம் எண் ஓடிட்டே இருந்ததால படிக்கவே முடியல, அப்பத்தான் சத்தமும் போச்சு.

பொண்ணு “அப்பா, இது சவுண்டே இல்லப்பா, கரண்டுதான்”னு சொல்லிட்டுப் படிக்கப் போயிடுச்சு. மூணு வாரம் நான் பாத்த வேலை.


சால்டரிங்_அக்கா | திங்கள், இரவு 10:10

சபாஷ். உங்க பொண்ணை ஐடிஐ-ல சேத்துவிடுங்க, இல்ல எங்கிட்ட அனுப்புங்க.

கணக்குப் போடுங்க. 15.1-ல இருந்து 9.8 கழிச்சா 5.3 வோல்ட். அதை 0.6 ஆம்பால வகுத்தா கிட்டத்தட்ட 9 ஓம். மீட்டர் துல்லியமில்ல, இருந்தாலும் பாதி ஓம்கூட இருக்கக்கூடாத இடத்துல ஒரு ஸ்பீக்கர் அளவுக்குத் தடை உக்காந்திருக்கு. அதுவும் நிலையா இல்ல. வண்டியோட கனம் ஏறும்போது தண்டவாளம் அசையுது, தொடுற இடம் விட்டு விட்டுத் தொடுது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அந்த ஒரு கணத்துல வோல்டேஜ் எவ்வளவு கீழ போச்சுங்கறது டிகோடருக்குத்தான் தெரியும்.

இறங்கும்போது மோட்டார் சும்மா வருது, கரண்ட் குடிக்கறதில்ல. அதனால அதே தடையில வோல்டேஜ் விழறதில்ல. எஞ்சின் தனியா ஏறினாலும் அதேதான்.

கொடைரோடு, உங்க கெபாசிட்டர் ரெண்டு மூணு செகண்ட் தாங்கும். இவர் வண்டி அந்த ரெண்டரை மீட்டர் ஏற ஒரு நிமிஷம் ஆகும்.

நாளைக்கு: முதலைக் கிளிப் போட்ட ரெண்டு வயரை ஹில்குரோவ்ல இருந்து நேரா ஏற்றத்து மேல் பகுதிக்குக் குடுங்க. வலது வலதுக்கு, இடது இடதுக்கு. மாத்திப் போட்டா ஷார்ட். சத்தம் நிக்காம போச்சுன்னா கள்ளன் நடுவுல இருக்கற ஜாயினர்தான்.


கொடைரோடு | திங்கள், இரவு 10:25

சரணம் அக்கா.

சும்மா இருக்கற நேரத்துல என் கதையைச் சொல்றேன், யாருக்காவது உதவும். பழைய லோக்சவுண்ட் 3.5 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஸ்பீக்கர் இல்லாம வந்துச்சு. கையில 8 ஓம் ஸ்பீக்கர் இருந்துச்சு, போட்டேன். ஒரு நிமிஷம், என்னா சத்தம்! அப்புறம் ஒரு தீஞ்ச வாசனை. அதோட ஊமை. அந்த மாடலுக்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேணுமாம். புதுசுக்கு 4-ல இருந்து 32 வரைக்கும் எதுவும் ஓடும், பழசுக்கு அப்படியில்ல. இன்னைக்கும் மோட்டார் ஓடுது, லைட்டு எரியுது, வாய் மட்டும் இல்ல. கூட்ஸ் வண்டிக்கு மாட்டி விட்டுட்டேன்.

தப்பு முழுக்க என்னுது. கூட வந்த துண்டுச்சீட்டைப் படிச்சிருந்தா போதும்.


மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 7:00

இந்த இழையில பச்சைத் தேயிலை விலை பத்தி ஓடின ஆறு பதிவுகளைப் பொதுப் பகுதிக்கு மாத்தியிருக்கேன். இங்க எஞ்சின் மட்டும்.


குன்னூர்_பனி | புதன், இரவு 7:20

கள்ளன் கிடைச்சான்.

முதலைக் கிளிப் போட்டதும் சத்தம் நிக்காம ரன்னிமீட் போய்ச் சேர்ந்துச்சு. மூணு பெட்டி, நாலாவது பெட்டியும் சேத்து. அப்புறம் கிளிப்பை ஒவ்வொரு ஜாயினருக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாத்திக்கிட்டே வந்தேன். ஏற்றத்துல ஒரு முழம் மேல, சின்னப் பாலத்துக்கு முந்தின ஜாயினர்.

ஜல்லியைக் கத்தியால சுரண்டி எடுத்துட்டு ஜாயினரைக் குறடால இழுத்தேன். வரமாட்டேங்குது. திருகித் திருகி எடுத்தா, உள்ள பாலாடை மாதிரி ஒரு தோல். வேற ஒண்ணுமில்ல, ஃபெவிகால்! போன வருஷம் ஜல்லி ஒட்டறப்ப தண்ணி கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டா விட்டேனே, அது ஜாயினர் இடுக்குல இறங்கிக் காஞ்சிருக்கு. அதுக்கடியில பித்தளையில பச்சைக் களிம்பு. பக்கவாட்டுல நானே அடிச்ச துருக் கலர் பெயின்ட் வேற. இவ்வளவையும் தாண்டி கரண்ட் போனதே பெரிய விஷயம்.

ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியிருக்கு. நான் டிகோடரைத் திட்டிட்டு இருந்தேன்.


சால்டரிங்_அக்கா | புதன், இரவு 7:48

அதே ஜாயினரைத் துடைச்சுத் திரும்ப மாட்டிட்டு நிம்மதியா தூங்கிடாதீங்க. ஜாயினர் தண்டவாளத்தை நேரா பிடிச்சுக்கறதுக்குத்தான், கரண்ட் கொண்டுபோறதுக்கு இல்ல. பலகைக்கு அடியில ரெண்டு தடிமனான வயர் ஓடட்டும், 1 சதுர மில்லிமீட்டர் போதும். ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துல இருந்தும் மெல்லிசா ரெண்டு வயர் இறக்கி அதுல சேருங்க. ஒண்ணுகூட விடாம.

சால்டர் பண்ணும்போது ஸ்லீப்பர் உருகும். ஈரத் துணித்துண்டை ரெண்டு பக்கமும் மடிச்சு வைங்க, தண்டவாளத்தோட வெளிப்பக்கத்தை உப்புத்தாள்ல தேய்ங்க, அயர்னை நல்லாச் சூடேத்தி மூணு செகண்ட்ல எடுத்துடுங்க. அயர்ன் ஆறிப்போயிருந்தா ரொம்ப நேரம் வெச்சுட்டு நிப்பீங்க, அப்பத்தான் உருகும்.

இனி கரகர சத்தம். ஸ்பீக்கர் எங்க இருக்கு, எப்படி இருக்கு?


குன்னூர்_பனி | புதன், இரவு 8:05

இடது பக்கத் தண்ணித் தொட்டிக்குள்ள, மேல பாத்த மாதிரி. டபுள் டேப்ல ஒட்டியிருக்கேன். மூடி போடல, இடம் பத்தல.


சால்டரிங்_அக்கா | புதன், இரவு 8:30

அதான். ஸ்பீக்கர் முன்னால காத்தைத் தள்ளும்போது பின்னால இழுக்கும். ரெண்டும் சந்திச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், தாழ்ந்த சத்தம் முதல்ல காணாமப் போகும். நீங்க கேக்கலையேன்னு வால்யூமை ஏத்தறீங்க, ஸ்பீக்கர்ல அதிர்ற கோன் எகிறி அடிக்குது, கரகரங்குது.

நம்பலைன்னா ஒரு காரியம் பண்ணுங்க. காலித் தீப்பெட்டியோட உள் தட்டுல ஸ்பீக்கரைக் கவுத்து, விளிம்பை விரலால அமுக்கிப் பிடிங்க. அப்புறம் விரலை எடுங்க. வித்தியாசம் தெரியும்.

பின்பக்கம் காத்துப் புகாத ஒரு சின்ன டப்பா வேணும், 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டுலயே கட்டிடலாம். மூலையை ஃபெவிகால் விட்டு அடைங்க (இங்க உங்க ஃபெவிகால் உதவும்). கண்ணாடி ஒட்டற சிலிகான் வேணாம், வினிகர் வாசனை வர்றது செம்பை அரிக்கும். அப்படியே டார்ச் அடிச்சு கோனைப் பாருங்க. ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கு, அரம் போட்ட இரும்புத் தூள் எல்லாம் போய் ஒட்டிக்கும். டேப்பால ஒத்தி எடுங்க. வயர் எதுவும் கோனைத் தொடக்கூடாது, சேசிஸைத் தொடவே கூடாது. தொட்டா கொடைரோடு கதைதான்.

கடைசியா சிவி 63, அதான் மொத்த வால்யூம். லோக்சவுண்ட் 5-ல அதிகபட்சம் 192. உங்களுது எவ்வளவு?


குன்னூர்_பனி | புதன், இரவு 8:33

192.


சால்டரிங்_அக்கா | புதன், இரவு 8:34

100-ல வெச்சு ஆரம்பிங்க.


கேத்தி_கேரட் | புதன், இரவு 9:15

அக்கா, நடுவுல என்னோடதும். எங்கிட்ட டிசிசி இல்ல, பழைய டிசி கண்ட்ரோலர்தான். சவுண்ட் எஞ்சின் ஒண்ணு வாங்கினேன். குமிழைப் பாதி திருப்புற வரைக்கும் ஊமை, அப்புறம் சத்தமும் ஓட்டமும் ஒண்ணா வருது. ஸ்டேஷன்ல நிக்கும்போது சத்தமே இல்ல. ரிப்பேரா?


சால்டரிங்_அக்கா | புதன், இரவு 9:22

ரிப்பேர் இல்ல. டிசி-யில தண்டவாள வோல்டேஜ்தான் எல்லாத்துக்கும். நின்னா வோல்டேஜ் இல்ல, வோல்டேஜ் இல்லைன்னா சிப் முழிக்காது. அஞ்சாறு வோல்ட் வந்தப்புறம்தான் கண்ணைத் திறக்கும். நிக்கும்போதும் சத்தம் வேணும்னா டிசிசி-க்குத்தான் வரணும்.


பொன்மலை_பெஞ்ச் | வியாழன், காலை 10:40

கரண்ட் சரியாயிடுச்சு, நல்லது. இப்ப நான் கேட்டதுக்கு வருவோம். கரி எஞ்சின்னு சொன்னீங்க. நல்லதாப் போச்சு. எங்க பணிமனையில புதுசாக் கட்டி அனுப்பின எண்ணெய் எஞ்சின்னு சொல்லிட்டு, ஃபங்ஷன் பட்டனை அமுக்கினா கரி அள்ளுற சத்தம் வர்ற வண்டி ஒண்ணை ஒருத்தர் காட்டினார். எண்ணெய்க்கு எதுக்குப்பா மம்பட்டி? பர்னர் உறுமல்தான் இருக்கணும்.

அதேபோல குன்னூருக்கு மேல டீசல் விடுறவங்களுக்கும் ஒண்ணு. அங்க ஓடுற ஒய்டிஎம்4 டீசல்ல இருக்கறது ஆல்கோ கம்பெனியோட ஆறு சிலிண்டர் வடிவமைப்பு. அகலப்பாதை டபிள்யூடிஎம்2-ல பதினாறு. ஆல்கோதானேன்னு பதினாறு சிலிண்டர் சத்தத்தை இதுல ஏத்தினா, வெலிங்டன் பக்கம் வளர்ந்த பையன் கண்ணை மூடிட்டே கண்டுபிடிச்சுடுவான். ஆறு சிலிண்டர் தத்தித் தத்தித் துடிக்கும்.


மேட்டுப்பாளையம்_பேரன் | வியாழன், இரவு 8:55

வணக்கமுங்க. நான் இங்க படிக்கறதோட சரி, எழுதுனதில்ல. எங்க அப்புச்சி மலை ரயில்ல ஃபயர்மேனா இருந்தவரு. இந்த இழையை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். “அவரு புகைச் சத்தம் எத்தனை விடறாருன்னு கேளு”ங்கறாரு.


குன்னூர்_பனி | வியாழன், இரவு 9:10

ஐயாவுக்கு வணக்கம் சொல்லுங்க. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு சஃப். கையேட்டுல சொன்ன மாதிரி சிவி 57, 58-ல மாத்தி மாத்தி ரெண்டு ராத்திரி உக்காந்து சரி பண்ணினேன். சக்கரத்துல வெள்ளைப் புள்ளி வெச்சு எண்ணினேன், சரியா நாலு.


மேட்டுப்பாளையம்_பேரன் | வியாழன், இரவு 9:41

அப்புச்சி சொல்றதை அப்படியே டைப் பண்றேனுங்க:

“நாலு கல்லாறு வரைக்கும்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் கீழ் சிலிண்டர் ரெண்டு மட்டும் வேலை செய்யும், மேல் சிலிண்டர் சும்மா இருக்கும். சாதாரண வண்டி மாதிரி நாலு நாலா புகை தள்ளும். கல்லாறு தாண்டிப் பல்லு பிடிச்சதும் சத்தம் மாறிப்போயிரும். கீழ் சிலிண்டர்ல வேலை செஞ்ச ஆவி மேல் சிலிண்டருக்குப் போயி, அங்க ஒரு வேலை செஞ்சுட்டுத்தான் புகைபோக்கிக்கு வரும். மேல இருக்கறது பல்சக்கரத்தை ஓட்டறது. அது வேகமா ஓடும். சக்கரம் மெதுவா உருளும், சத்தம் மட்டும் மளமளன்னு வரும். புதுசா ஏறுன ஆளு, வண்டி சறுக்குதோன்னு பயந்துக்குவான். ஹில்குரோவ்ல எங்கீங்க நாலு?”


பொன்மலை_பெஞ்ச் | வியாழன், இரவு 10:02

பெரியவர் சொல்றது சத்தியம். சுவிட்சர்லாந்து வின்டர்தூர்ல செஞ்ச நாலு சிலிண்டர் காம்பவுண்டு வண்டி. மேல் சிலிண்டர் பற்சக்கரக் கோர்வை வழியா ஓட்டறதால அதோட கிராங்க் கீழுக்கு எதிர்ப்பக்கமா, ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும். புகைபோக்கிக்கு வர்றது மேல் சிலிண்டரோட ஆவி மட்டும். அப்ப ஒரு சக்கரச் சுத்துக்கு எட்டு சஃப் கிட்ட வரணும்.

நான் இத்தனை வருஷம் அதை பெஞ்ச்ல கழட்டி மாட்டியிருக்கேன். மலையில ஏறும்போது காதைக் குடுத்ததில்ல.


குன்னூர்_பனி | வியாழன், இரவு 10:20

வெள்ளைப் புள்ளி வெச்சு எண்ணினேனே…

ஒரு ஆறுதல். என் லேஅவுட் ஹில்குரோவ்ல தொடங்கி ரன்னிமீட்ல முடியுது, முழுக்கப் பல்லுப் பாதை. அதனால நடுவுல மாத்த வேண்டியதில்ல, ஒரே அமைப்பு போதும்.


மேட்டுப்பாளையம்_பேரன் | வியாழன், இரவு 10:26

“இறங்கும்போது புகைச் சத்தமே கூடாது”ன்னும் சொல்லச் சொன்னாருங்க. சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாரு.


குன்னூர்_பனி | ஞாயிறு, மாலை 5:30

வேலை முடிஞ்சுது. பதினோரு துண்டுத் தண்டவாளம், இருபத்திரண்டு வயர், உருகின ஸ்லீப்பர் மூணு. ஏறும்போது ரன்னிமீட்ல இப்ப மீட்டர் 14.8 காட்டுது. ஸ்பீக்கருக்கு டப்பா கட்டினேன், கோன்ல ஒரு சிட்டிகை இரும்புத் தூள் இருந்துச்சு. சிவி 63 இப்ப 90-ல, முன்னாடி 192-ல கேட்டதைவிட நல்லாக் கேக்குது. சஃப் எட்டு. டிகோடர் மோட்டாரோட சுமையைப் பாத்து இறக்கத்துல சஃப்பைத் தானா அடக்கிடுது.

கொடைரோடு, உங்க மனசு நோகக்கூடாதுன்னு ஒரு கெபாசிட்டரும் போட்டிருக்கேன். பாயிண்ட்ஸ் (தண்டவாளம் பிரியற இடம்) மேல போகும்போது உதவுது, மறுக்கல.

ஒரு நிமிஷ ஆடியோ இணைச்சிருக்கேன். அப்புச்சிக்குப் போட்டுக் காட்டுங்க.


கொடைரோடு | ஞாயிறு, மாலை 5:37

வாழ்க!


மேட்டுப்பாளையம்_பேரன் | ஞாயிறு, இரவு 7:48

போட்டுக் காட்டினேனுங்க. ஃபோனைக் காதோட வெச்சு மூணு தடவை கேட்டாரு. ஒண்ணும் பேசல. அப்புறமேட்டுதான் சொன்னாரு: “சத்தம் சரிதான். ஆனா ஒரு நிமிஷமா ஏறிட்டே இருக்கு, இன்ஜெக்டர் ஒரு தடவைகூடப் போடல. பாய்லர்ல தண்ணி யாரு விடறா?”


குன்னூர்_பனி | ஞாயிறு, இரவு 7:55

எஃப்10-ல இருக்குங்க. அமுக்க மறந்துட்டேன்.